603 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் காட்டியாயிற்று. மிதக்கும் ரயிலில் ஏன் இன்னும் யாரும் ஊருக்குப் போகவில்லை?

மெயில்வண்டி:
ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளிக் கண்காட்சிக்காக ‘நாளைய ரயில்’ என்று ஒரு மாதிரி செய்துகொண்டிருக்கிறான். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், தெர்மாகோல், நீள மூக்கு ஒன்று. நேற்று ராத்திரி தோசைக்கு நடுவில் கேட்டான்: “2015-லேயே ஜப்பான்காரர்கள் காந்த விசையில் மிதக்கும் ரயிலை 603 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிவிட்டார்கள். அப்புறம் ஏன்பா யாரும் அதில் ஊருக்குப் போகவில்லை?”

எனக்கு அந்தச் சாதனையின் தேதி தெரியும் (ஏப்ரல் 21), இடம் தெரியும் (யாமனாஷி சோதனைப் பாதை), பாதையின் நீளம்கூடத் தெரியும் (42.8 கி.மீ.). பதில் மட்டும் தெரியவில்லை. தொழில்நுட்பக் கோளாறா, பணமா, அரசியலா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கப் போகிறான்.

சுருள்கம்பி:
தம்பியிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். ‘சக்கரம் இல்லை, உராய்வு இல்லை, அதனால் வேகம்’ என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். அது பாதி உண்மைதான். இரும்பின் மேல் இரும்பு உருளும்போது எதிர்ப்பு ஏற்கெனவே மிகக் குறைவு. மணிக்கு 300 கி.மீ. போகிற வண்டியைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் காற்று. மிதந்தாலும் காற்று விடாது.

சக்கர வண்டிக்குத் தொல்லை வேறு இடங்களில் வருகிறது. சக்கரமும் தண்டவாளமும் தொடுகிற இடம் ஒரு சின்ன நாணயத்தைவிடச் சிறியது. வேகம் கூடக் கூட அங்கே பிடிப்பு குறையும். மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு போகும் பாண்டோகிராஃப், கம்பியில் அலை கிளப்பிக்கொண்டே போகும். அந்த அலையின் வேகத்தை வண்டி நெருங்கினால் தொடர்பு அறுந்து தீப்பொறி பறக்கும். கீழே பாதை அடி வாங்கும்.

அப்படியும் 2007 ஏப்ரல் 3 அன்று பிரெஞ்சு அதிவேக ரயிலான டிஜிவி சக்கரத்திலேயே 574.8 கி.மீ. தொட்டது. அதற்காகப் பெரிய சக்கரம் மாட்டினார்கள், பெட்டிகளைக் குறைத்தார்கள், 25,000 வோல்ட் கம்பியில் 31,000 ஏற்றினார்கள். அதே பாதையில் இன்று பயணிகள் வண்டி 320-இல்தான் போகிறது. சாதனை வேகத்தையும் டிக்கெட் வாங்கிப் போகிற வேகத்தையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

காந்த ரயிலின் உண்மையான சாமர்த்தியம், மோட்டாரை வண்டியிலிருந்து எடுத்துப் பாதையில் வைத்ததுதான். வட்டமான மோட்டாரை ஒரு பக்கம் வெட்டி, பாய் மாதிரி விரித்துப் போட்டால் என்ன வருமோ அதுதான் நேர்கோட்டு மோட்டார். பிடிப்பு தேவையில்லை, கம்பியும் வேண்டாம். நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் ஏற்றம் என்றாலும் ஏறிவிடும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: 286 கி.மீ. பாதை என்றால் 286 கி.மீ. நீளத்துக்கு மோட்டார்! வண்டி இல்லாத இடத்திலும் சுருள் கிடக்க வேண்டும்.

மெயில்வண்டி:
பையன் உடனே அடுத்த கேள்வியைப் போட்டான். 500-இல் போகும்போது கரன்ட் போய்விட்டால்? பொத்தென்று விழுமா?

சுருள்கம்பி:
நல்ல கேள்வி. விழாது. ஆனால் விழாததற்கான காரணம் இரண்டு வகை வண்டிகளில் இரண்டு விதம்.

ஜெர்மானியர்களின் டிரான்ஸ்ராபிட் வண்டி, பாதையைக் கை வளைத்துக் கட்டிப் பிடித்த மாதிரி இருக்கும். அந்தக் கையிலுள்ள மின்காந்தம் பாதையின் அடிப்பக்கத்தை நோக்கி மேலே இழுக்கும். இடைவெளி சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். அதிகம் இழுத்தால் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் இறங்கிவிடும், அதனால் ஓயாமல் அளந்து சரி செய்துகொண்டே இருக்கும். கரன்ட் போனால் வண்டியிலிருக்கும் பேட்டரி தாங்கும்.

ஜப்பான் முறை வேறு. நையோபியம்-டைட்டேனியம் கம்பிச் சுருளைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டால் மின்தடை போய்விடும். ஒருமுறை செலுத்திய மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்தக் காந்தம் வேகமாகக் கடக்கும்போது, பக்கச் சுவரில் எட்டு வடிவில் சுற்றிய சுருள்களில் தானாக மின்சாரம் தூண்டப்பட்டு, அதுவே வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது. ஓட்டம்தான் தூக்குகிறது என்பதால் கரன்ட் போனாலும் வேகம் இருக்கிறவரை மிதக்கும். குறைந்ததும் ரப்பர் சக்கரத்தில் இறங்கிவிடும். சுமார் 150 கி.மீ. வேகத்துக்குக் கீழே அது எப்போதுமே சக்கர வண்டிதான். இடைவெளி பத்து சென்டிமீட்டர். நிலநடுக்க நாட்டில் ஒரு சென்டிமீட்டரை நம்பிப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை.

நகோயாவாசி:
யாமனாஷியில் பொதுமக்களைக் குலுக்கல் முறையில் ஏற்றுகிறார்கள். மூன்றாவது முறை விண்ணப்பித்தபோது எனக்குக் கிடைத்தது. சக்கரத்தில் ஓடும்போது கடகடவென்று சத்தம் இருக்கும், திடீரென்று அது நின்றுபோகும். அப்போதுதான் மிதக்கிறோம் என்று தெரியும். 500-இல் காது அடைத்தது. ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை, பெரும்பாலும் சுரங்கம். திரும்ப இறங்கும்போது சக்கரம் தரையைத் தொடுவது விமானம் இறங்குவதைப் போலவே இருந்தது.

சரி, ‘ஏன் இன்னும் வரவில்லை’ என்பதற்கு வருகிறேன். நாளை எழுதுகிறேன், இது நீளமான கதை.

பயணப்பை:
‘யாரும் போகவில்லை’ என்பது முழுக்கச் சரியில்லை. 2017-இல் நான் போனேன், ஷாங்காயில். பூடோங் விமான நிலையத்திலிருந்து லாங்யாங் சாலை வரை 30 கி.மீ., ஏழு நிமிடம் இருபது நொடி. பெட்டிக்குள் இருக்கும் பலகையில் 431 வந்ததும் எல்லோரும் போனை எடுத்தார்கள், நானும்தான். எதிர்ப்பக்க வண்டி கடந்தபோது காற்று ‘டப்’ என்று அறைந்தது. அவ்வளவுதான், வேகம் குறைய ஆரம்பித்துவிட்டது.

லாங்யாங் சாலை ஊரின் நடுவில் இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு மெட்ரோவுக்கு மாறினேன். ஏழு நிமிடத்தில் வந்தவனுக்கு, அங்கிருந்து ஓட்டலுக்குப் போக முக்கால் மணி நேரம். 2021-லிருந்து அந்த வண்டியும் 300-இல்தான் ஓடுகிறது.

அந்தப் பாதையை ஹாங்சோ வரை நீட்டுவதாக இருந்தார்கள். 2008-இல் பாதையோரக் குடியிருப்புக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள், திட்டம் அப்படியே நின்றது. 2010-இல் ஷாங்காய்–ஹாங்சோ பாதை திறந்தது, சக்கர ரயிலாக. எனக்கு இதுதான் மொத்தக் கதையும் என்று தோன்றுகிறது. உலகிலேயே வேகமான மிதக்கும் ரயிலைக் கையில் வைத்திருந்த நாடு, பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கிலோமீட்டருக்குச் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தது.

சிக்னல்விளக்கு:
ரயில்வேயில் முப்பத்து நாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பயணப்பை சொன்னதில் ஒரு ரயில்வேக்காரன் பார்வையைச் சேர்க்கிறேன்.

ரயிலின் பலம் வேகம் அல்ல, சேர்ந்து ஓடுவதுதான். பிரான்ஸில் டிஜிவி பாரிஸிலிருந்து புதுப் பாதையில் பறந்து வந்து, பிறகு பழைய தண்டவாளத்தில் இறங்கிச் சின்ன ஊர் வரைக்கும் போகும். பழைய ஸ்டேஷன், பழைய நடைமேடை. 1981-இல் பாரிஸ்–லியோன் பாதையின் ஒரு பகுதி மட்டும் முடிந்தபோதே வண்டியை விட்டுவிட்டார்கள். மிச்சத்துக்குப் பழைய லைன் இருந்தது. பாதி கட்டினால் பாதிப் பலன் உண்டு. காந்த ரயிலில் பாதி கட்டினால் ஒன்றுமில்லை. அதன் பாதை அதற்கு மட்டும், ஸ்டேஷனும் அதற்கு மட்டும்.

பாயிண்ட் மாற்றுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு இரண்டு நாக்குத் தண்டவாளத்தை ஒரு சாண்கூட நகர்த்த வேண்டாம், வழி மாறிவிடும். டிரான்ஸ்ராபிடில் ஒரு நீண்ட எஃகு உத்தரத்தையே வளைக்க வேண்டும். எங்கள் யார்டில் அப்படி ஒன்று இருந்திருந்தால் நான் முதல் வருடமே வேலையை விட்டிருப்பேன்.

இன்னொன்று, தனித்து நிற்கும் தொழில்நுட்பத்துக்கு உதிரி பாகமும் தனி. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் விமான நிலையத்தில் 1984-லேயே சுமார் 600 மீட்டருக்கு மெதுவான காந்த வண்டி ஒன்று ஓடியது. 1995-இல் மூடிவிட்டார்கள். பாகம் கிடைப்பது பெரிய தலைவலி ஆகிவிட்டது. உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கும் வண்டிக்கு யார் கடை திறந்து வைப்பார்கள்?

ரயில்பிரியன்_91:
எல்லாம் சரி, நம்ம ஊருக்கு எப்போ? சென்னை–பெங்களூரு அரை மணி நேரத்தில் என்று வாட்ஸாப்பில் வந்ததே?

மட்டுறுத்துநர்:
இந்தக் கேள்வி இல்லாமல் ஓர் இழை முடியாது போலிருக்கிறது. வாட்ஸாப்பில் வந்தது ஹைப்பர்லூப் கணக்கு, அதாவது காற்றை உறிஞ்சிய குழாய்க்குள் வண்டி விடும் யோசனை. சென்னை ஐஐடியின் தையூர் வளாகத்தில் சுமார் 400 மீட்டருக்குச் சோதனைக் குழாய் இருக்கிறது, அது ஆராய்ச்சி. மும்பை–அகமதாபாத் 508 கி.மீ. சக்கர ரயில். பெரம்பூர் ஐசிஎஃப், 280 கி.மீ. வேக வடிவமைப்பில் இரண்டு வண்டிகளுக்கு பிஇஎம்எல் நிறுவனத்திடம் 2024-இல் ஆர்டர் கொடுத்திருக்கிறது, அதுவும் சக்கரம்தான். மேற்கொண்டு பேச தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே மிதக்கும் ரயில் மட்டும்.

நகோயாவாசி:
வாக்குக் கொடுத்தபடி வந்துவிட்டேன்.

ஜப்பானின் சூவோ பாதை: டோக்கியோவின் ஷினகாவாவிலிருந்து நகோயா 286 கி.மீ., 40 நிமிடம். இப்போது ‘நொசோமி’ புல்லட் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகிறது. அப்புறம் ஒசாகா வரை நீட்டினால் மொத்தம் 67 நிமிடம். கட்டுவது ஜேஆர் டோக்காய் நிறுவனம். 2014-இல் வேலை தொடங்கியபோது 2027-இல் திறப்பதாகத் திட்டம்.

வேகமாகப் போக வேண்டுமானால் வளைவு கூடாது. நேர்கோடு போட்டால் நடுவில் தெற்கு ஆல்ப்ஸ் மலை. பாதையில் கிட்டத்தட்ட ஏழில் ஆறு பங்கு சுரங்கம். அந்த மலைச் சுரங்கம் மட்டும் 25 கி.மீ. அதில் 8.9 கி.மீ., ஷிசுவோகா மாகாணத்தின் வடமுனையில் இருக்கும் வேலைப் பிரிவு. மொத்தச் சிக்கலும் இந்த ஒன்பது கிலோமீட்டரில்.

அந்த மலையில்தான் ஓயி ஆறு பிறக்கிறது. சுரங்கம் வெட்டினால் ஆற்றில் நொடிக்கு இரண்டு டன் வரை தண்ணீர் குறையலாம் என்று 2013-இல் கணக்குச் சொன்னதே ரயில் நிறுவனம்தான். கீழே சுமார் ஆறு லட்சம் பேர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கும் அதுதான். மாகாண ஆளுநர் கவகாத்சு ‘ஒரு சொட்டு விடாமல் ஆற்றுக்குத் திரும்ப வர வேண்டும்’ என்று நின்றுவிட்டார். அந்தப் பகுதியில் வேலையே தொடங்க முடியவில்லை. 2024 மார்ச்சில் ஜேஆர் டோக்காய் 2027 இலக்கைக் கைவிட்டது. அதற்கு அடுத்த மாதங்களில் ஆளுநர் வேறொரு பேச்சால் வந்த சர்ச்சையில் பதவி விலகினார். இப்போது இருப்பவர் பேசித் தீர்க்கலாம் என்ற மனநிலையில் இருக்கிறார்.

டோக்கியோ நண்பர்கள் சிலர் ‘ஒரு மாகாணம் நாட்டையே நிறுத்துகிறது’ என்று கோபப்படுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பேசினேன். பிறகுதான் இரண்டு விஷயம் தெரிய வந்தது. ஷிசுவோகாவில் புல்லட் ரயில் நிலையங்கள் ஆறு இருக்கின்றன, நொசோமி ஒன்றில்கூட நிற்காது. புதுக் காந்த ரயிலுக்கு அங்கே நிலையமே கிடையாது. வண்டி போகும், தண்ணீரும் போகும், டிக்கெட் மட்டும் வராது.

இரண்டாவது, அவர்களுக்குப் பழைய ஞாபகம் ஒன்று இருக்கிறது. அதே மாகாணத்தில் 1918-இல் தன்னா சுரங்கம் தோண்ட ஆரம்பித்தார்கள். 7.8 கி.மீ. தோண்ட 16 வருடம், 67 தொழிலாளிகள் உயிர் போயிற்று. மேலே தன்னா சமவெளியில் ஊற்றெல்லாம் வற்றி, வசாபி வயல்கள் அழிந்தன. விவசாயம் போய் மாடு வளர்ப்புக்கு மாறினார்கள். இன்றும் அங்கே பால்தான். ‘ஒன்றும் ஆகாது’ என்று இந்த ஊரில் போய்ச் சொல்வது கஷ்டம்.

சரி, அது நூறு வருடக் கதை என்றால், 2024-இல் இதே காந்த ரயிலுக்காகக் கிஃபு மாகாணம் மிசுனாமியில் தோண்டிய இடத்தில் கிணறுகளிலும் குளங்களிலும் தண்ணீர் மட்டம் இறங்கியது. தோண்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று.

பேரேடு:
தண்ணீர் கணக்கு வந்துவிட்டது, பணக் கணக்கை நான் போடுகிறேன்.

நகோயா வரைக்கும் முதலில் 5.5 லட்சம் கோடி யென். 2021-இல் 7 லட்சம் கோடி. 2025 அக்டோபரில் 11 லட்சம் கோடி, திறப்பு 2035 என்று வைத்துக்கொண்டு. கிலோமீட்டருக்கு வகுத்தால் சுமார் 3,850 கோடி யென். ரூபாயில் இரண்டாயிரம் கோடிக்கு மேல். மும்பை–அகமதாபாத்தின் முதல் மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய், கிலோமீட்டருக்கு 213 கோடி. சுரங்கமும் மேம்பாலமும் ஒன்றல்ல, இரு நாட்டுக் கூலியும் ஒன்றல்ல, ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனாலும் பத்து மடங்கு.

மின்சாரமும் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 300-லிருந்து 500-க்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றோடு போராட 2.8 மடங்கு ஆற்றல், மோட்டாருக்கு 4.6 மடங்கு சக்தி. சுரங்கத்துக்குள் இன்னும் கூடும், ஒதுங்கக் காற்றுக்கு இடமில்லை.

ஷினகாவா நிலையம் நிலத்துக்கு அடியில் சுமார் 40 மீட்டர். மிச்சப்படுத்திய நேரத்தில் பத்து நிமிடத்தை எஸ்கலேட்டரில் நின்றே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஜெர்மனி இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் விலகியது. காந்த மிதவைக்கு 1934-லேயே காப்புரிமை வாங்கிய ஹெர்மன் கெம்பரின் நாடு அது. ஹாம்பர்க்–பெர்லின் திட்டத்தை 2000-இல் விட்டார்கள். 2006-இல் லாத்தன் சோதனைப் பாதையில், பராமரிப்பு வண்டி நிற்பதைக் கவனிக்காமல் ரயிலை அனுப்பி 23 பேர் இறந்தார்கள். தொழில்நுட்பம் அல்ல, மனிதத் தவறு. 2008-இல் மியூனிக் விமான நிலையப் பாதையும் போயிற்று. செலவு 185 கோடி யூரோவிலிருந்து 300 கோடியைத் தாண்டியதும் கையைக் கழுவிவிட்டார்கள்.

கொக்கிமாட்டி:
பேரேடு சார், நீங்கள் 1964-இல் ஜப்பானில் இருந்திருந்தால் புல்லட் ரயிலே வந்திருக்காது. அப்போதும் இதே புலம்பல்தான். விமானமும் காரும் வந்துவிட்டன, ரயிலுக்கு எதற்குக் காசு என்றார்கள். செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. ரயில்வே தலைவர் சோகோ ஷிஞ்சியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் 1963-இல் வெளியேற வேண்டியிருந்தது. அடுத்த வருடம் அக்டோபர் 1 அன்று முதல் வண்டி கிளம்பியபோது திறப்பு விழாவுக்குக்கூட அழைப்பில்லை. இன்று அந்த வண்டிதான் ஜேஆர் டோக்காய் நிறுவனத்துக்குச் சோறு போடுகிறது, காந்த ரயிலுக்கும் அதுதான் பணம் கொடுக்கிறது.

சீனாவைப் பாருங்கள். 600 கி.மீ. காந்த வண்டியை 2021-இல் சிங்தாவோ ஆலையில் வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். கணக்குப் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தால் உலகம் மாட்டு வண்டியில்தான் போகும்.

பேரேடு:
கணக்குப் பிள்ளை என்றதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம். 1950-களில் டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைத்த டோக்காய்டோ பழைய லைனில் இடமே இல்லை. புதுப் பாதை போட்டாலொழிய நாடு நகராது என்ற நிலை. இன்று நொசோமி சில நிமிடங்களுக்கு ஒன்று போகிறது, ஜப்பானின் மக்கள்தொகை 2008-லிருந்தே இறங்குமுகம்.

சீனாவும் 600 வண்டியைக் காட்டியதே தவிர, அதற்கென்று ஒரு நீண்ட பயணிகள் பாதை போடவில்லை. அதே நாடு 2024 டிசம்பரில் சிஆர்450 என்று 400 கி.மீ. வேகத்தில் பயணிகளை ஏற்றிப் போவதற்கான சக்கர ரயிலை வெளியிட்டது. இருக்கிற பாதைகளில் எதில் ஓட்ட முடியுமோ அதில் காசு போடுகிறார்கள். அதுவும் கணக்குத்தான்.

சிக்னல்விளக்கு:
கொக்கிமாட்டி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, நான் விட்டுக்கொடுக்கிறேன். டோக்காய்டோ புல்லட் ரயில் லைனுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கடலோரமாகப் போகிறது, பெரிய நிலநடுக்கம் வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கும் நங்காய் கடலடிப் பள்ளத்தின் பக்கம். அது ஒருநாள் நின்றால் டோக்கியோவும் ஒசாகாவும் துண்டாகும். உள்நாட்டு மலை வழியாக இரண்டாவது பாதை வேண்டும் என்பது வேகக் கணக்கு அல்ல, பத்திரக் கணக்கு. எந்த ரயில்வேக்காரனும் மாற்று லைன் வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

பேரேடு:
மாற்று லைன் வேண்டும் என்றால் சக்கர ரயிலாகப் போட்டிருக்கலாமே? இருக்கிற புல்லட் வண்டிகளே அதிலும் ஓடியிருக்கும்.

சிக்னல்விளக்கு:
அதற்குத்தான் என்னிடமும் பதில் இல்லை.

நகோயாவாசி:
இங்கே வேலை நின்றுவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நகோயா நிலையத்துக்குக் கீழே தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தினமும் காலையில் அந்தத் தடுப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டுதான் அலுவலகம் போகிறேன். சுற்றுவதற்கு எனக்கு ஆறு நிமிடம் கூடுதல். இன்னும் பத்து வருடம் சுற்றலாம் போலிருக்கிறது.

மெயில்வண்டி:
எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகப் பையன் வரிவரியாகப் படித்தான். மாதிரியை மாற்றிவிட்டான். ரயில் இப்போது பழைய அளவில் பாதிதான். மிச்ச இடத்தில் ஒரு மலை, மலைக்குள் குழாய், அதிலிருந்து ஒழுகுகிற தண்ணீருக்கு நீல நூல், கீழே பச்சைத் தாளில் தேயிலைத் தோட்டம். காந்தத்தைவிட மலைக்குத்தான் பசை அதிகம் செலவாயிற்று.

அவனிடம் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. சுருள்கம்பி சார் பார்த்தால் சொல்லுங்கள்: மலையைச் சுற்றிக்கொண்டு, 350-இல் போகிற மாதிரி வளைத்துப் போட்டால் மிதக்கும் ரயில் மிதக்குமா?

சுருள்கம்பி:
தாராளமாக மிதக்கும், 150-ஐத் தாண்டினாலே போதும். ஆனால் 350 போதும் என்றால், அதைச் சக்கரமே செய்துவிடும், தம்பி.